ஓர் ஆவர்த்தனம் கழித்துக் காட்டும் கண்ணாடி: வெப்கேம் நேரலையை நிலையான தாமதத்துடன் திரையில் ஓடவிடும் முறை

பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள் வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்வது வழக்கம். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது, முழங்கை தோளுக்கு நேராக நிற்கிறதா என்பதையெல்லாம் கண்ணாடி அந்தக் கணமே காட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கழுத்து திரும்பிவிடுகிறது. நாட்டடவு என்னும் அடிப்படை ஆடல் அசைவில் நீளும் கையைத் தொடர்ந்து போக வேண்டிய பார்வை கண்ணாடியிலேயே நின்றுவிட்டால், ஆடுகிற அடவே வேறாகிவிடும். செல்பேசியில் பதிவு செய்து பார்க்கலாம் என்றால், ஒவ்வொரு முறையும் போய் நிறுத்தி, பதிவைத் தேடி, ஓட்டிப் பார்ப்பதற்குள் உடம்பு ஆறிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை மூன்றாவது முறை அந்த வேலையைச் செய்யாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வெப்கேம் எடுக்கும் படத்தை உடனே காட்டாமல், மாறாத ஒரு தாமதத்துடன், எட்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம், திரையில் தொடர்ந்து ஓடவிட்டால், ஆடி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது சற்று முன் ஆடியது திரையில் தெரியும். எதையும் அழுத்தவோ தேடவோ வேண்டியதில்லை. என் மகளின் பயிற்சிக்காக இதை நான் அமைத்தபோது எங்கெங்கே தடுமாறினேனோ அங்கெல்லாம் நின்று விளக்கமாகவும், எளிதாக முடிந்த இடங்களைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

வேண்டியவை

ஓர் ஓரளவு நல்ல கணினி, யூஎஸ்பி வெப்கேம் ஒன்று, கேமராப் படத்தைப் பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் உதவும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருள் ஆகியவை போதும். ஓபிஎஸ் இலவசமானது, திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் உள்ள கேமராவையும் பயன்படுத்தலாம், ஆனால் திரை இருக்கும் இடமும் கேமரா இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுவதால் பாதங்கள் படத்துக்குள் வரும்படி வைப்பது கடினம். தனி வெப்கேம் என்றால் இடுப்பு உயரத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிடலாம். கையை உயர்த்தி நிற்கும் ஆள் தலை முதல் கால் வரை படத்தில் அடங்க, சாதாரண வெப்கேமுக்கும் ஆடுபவருக்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர் வேண்டியிருக்கும். கூடம் சிறியதாக இருந்தால் மூலைவிட்டமாக வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 கம்பியைச் சாதாரணமாக 5 மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையாக வீட்டுத் தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்துக்கொள்வது மிகவும் நல்லது. மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது மடிக்கணினித் திரையில் விரல்களின் நிலை தெரியாது. பதாகம் என்னும் கைமுத்திரையில் கட்டைவிரல் மடங்கியிருக்கிறதா என்பதைப் பார்க்கப் பெரிய திரை வேண்டும்.

கேமராவைச் சேர்த்தல்

ஓபிஎஸ் முதல் தடவை திறக்கும்போது, தானாக அமைத்துத் தரட்டுமா என்று கேட்கும் ஒரு பெட்டி வரும். அது ஒளிபரப்புக்கும் பதிவுக்கும் உரியது என்பதால் அதை மூடிவிடலாம். கீழே 'சோர்சஸ்' என்ற பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி, 'வீடியோ கேப்சர் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் வெப்கேமின் பெயரைக் காட்டுங்கள். படம் வந்துவிடும். இதே பெட்டியில் படத்தின் அளவையும் விநாடிக்கு எத்தனை பிரேம் (தனித்தனிப் படம்) என்பதையும் நீங்களே நிர்ணயிக்கும் வசதி உண்டு. விண்டோஸில் 'கஸ்டம்' என்று மாற்றிவிட்டு, 1280-க்கு 720 என்ற அளவையும், விநாடிக்கு 30 பிரேம் என்பதையும் கொடுங்கள். இதைவிடப் பெரிய அளவை ஏன் நான் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

'கான்ஃபிகர் வீடியோ' என்ற பொத்தானை அழுத்தினால் கேமராவின் உள் அமைப்புகள் திறக்கும். அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மின்சாரத்தின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50 என்று மாற்றுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ்தான், மாற்றாவிட்டால் குழல்விளக்கு வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டைகள் ஓடும். அடுத்தது, வெளிச்சம் குறைந்தால் தானாக ஈடுகட்டும் அமைப்பு. இது கேமராவுக்குக் கேமரா வேறு பெயரில் இருக்கும்; இருந்தால் அணைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும், பிறகு தாமதம் நிலையாக நிற்குமா நிற்காதா என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

தாமதத்தைச் சேர்த்தல்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். ஓபிஎஸ்ஸின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'அட்வான்ஸ்டு' என்ற பக்கத்தில் 'ஸ்ட்ரீம் டிலே' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தவுடன் இதுதான் என்று நினைத்து எட்டு விநாடி என்று கொடுத்தேன். திரையில் எந்த மாற்றமும் இல்லை. இணையத்தில் ஒளிபரப்பும்போது பார்வையாளர்களுக்குப் போகும் ஓடையை மட்டுமே அது தாமதப்படுத்தும், நம் திரையில் தெரியும் முன்னோட்டத்தை அது தொடவே தொடாது. விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்புகிறவர்கள், எதிரணி பார்த்துவிடாமல் இருக்கப் பயன்படுத்தும் வசதி அது. நமக்கு வேண்டியது வேறு.

சோர்சஸ் பெட்டியில் கேமராவின் பெயர்மீது வலது சொடுக்குச் செய்து 'ஃபில்டர்ஸ்' என்பதைத் திறங்கள். இடது பக்கத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். கீழ்க் கட்டத்தில் கூட்டல் குறியை அழுத்தினால் 'ரெண்டர் டிலே' என்று ஒன்று தெரியும். அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்: அதன் உச்ச வரம்பு 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிதான். ஒலிக்கும் படத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியைச் சரிசெய்யவே அது பயன்படும். மேல்க் கட்டத்தின் கூட்டல் குறியை அழுத்தினால் 'வீடியோ டிலே அசிங்க்' என்பது கிடைக்கும். நமக்கு உரியது அதுதான். அதில் 20,000 மில்லி விநாடி, அதாவது 20 விநாடி வரை கொடுக்கலாம்.

முதலில் 5000 என்று கொடுத்துப் பாருங்கள். படம் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். பயப்பட வேண்டாம், தாமதத்துக்குரிய பிரேம்கள் சேரும் வரை காட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. ஐந்து விநாடி கழித்துப் படம் ஓடத் தொடங்கும். கேமராவைப் பார்த்து ஒரு முறை கைதட்டிவிட்டு ஐந்து வரை எண்ணுங்கள். திரையில் நீங்கள் கைதட்டுவதைப் பார்ப்பீர்கள்.

பிறகு முன்னோட்டத்தின்மீது வலது சொடுக்குச் செய்து, 'புரொஜெக்டர்' என்று வரும் தேர்வில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்தால், பொத்தான்கள் எதுவும் இல்லாமல் படம் மட்டும் திரை முழுவதும் நிறையும். கண்ணாடிபோல இடவலம் மாறித் தெரிய வேண்டுமானால், கேமராமீது வலது சொடுக்கி 'டிரான்ஸ்ஃபார்ம்' என்பதன் கீழ்ப் படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பலாம். என் கருத்தில் திருப்பாமல் விடுவதே நல்லது. கூடவே ஆடும்போதுதான் கண்ணாடிப் படம் உதவும். ஆடி முடித்துவிட்டுப் பார்க்கும்போது, சபையில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்ப்பதுதான் பயன்.

எத்தனை விநாடி என்பதைத் தாளம்தான் சொல்ல வேண்டும்

தாமதத்தை ஏதோ ஓர் எண்ணாக வைக்காமல், தாளத்தின் ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, சமமாக வைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாளக் கருவியையோ தாளச் செயலியையோ நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் ஓடவிட்டு ஆதி தாளத்தில் ஆடினால், எட்டு அட்சரமும், அதாவது எட்டுத் தட்டும், எட்டு விநாடியில் முடியும். தாமதமும் சரியாக எட்டு விநாடி என்றால், ஒரு சுற்று ஆடிவிட்டு அடுத்த சுற்றில் அசையாமல் நின்று திரையைப் பார்க்கும்போது, இப்போது காதில் விழும் சமமும் (சுற்றின் முதல் தட்டும்) சற்று முன் வைத்த முதல் காலடியும் ஒன்றாக வந்து விழும். தட்டடவில் 'தையா தை' என்று இப்போது ஒலிக்கும் தட்டுக்கு, திரையில் இருக்கும் கால் சரியாகத் தட்டுகிறதா, முந்துகிறதா, பிந்துகிறதா என்பதைக் கண்ணும் காதும் சேர்ந்து சொல்லிவிடும். பதிவு செய்து பார்ப்பதில் இது கிடைக்காது.

ஒரு சுற்று ஆடுவது, ஒரு சுற்று நின்று பார்ப்பது, மறுபடி ஆடுவது என்று தாளத்தை நிறுத்தாமலே போகலாம். இதில் நான் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது: ஆடும் சுற்றின்போது திரையில் தெரிவது, முந்தைய சுற்றில் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோற்றம்தான். எனவே திரை கண்ணை இழுப்பதில்லை. என் மகளின் ஆசிரியை பல மாதங்களாகச் சொல்லிவந்த ஒரு குறையை, அதாவது மூன்றாம் காலம் எனப்படும் மிக விரைவான நிலையில் அரைமண்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுவதை, அவள் முதல் நாள் மாலையிலேயே தானாகக் கண்டுபிடித்தாள். ஐந்தாவது தட்டு வரை முழங்கால் நன்றாக விரிந்திருந்தது. ஆறாவதில் இடுப்பு ஒரு விரற்கடை உயர்ந்தது. எட்டாவதில் அவள் ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, நான் எழுந்துக்கறேன்!" என்று சமையலறையைப் பார்த்துக் கூவினாள்.

கணக்கு எளிது. 60,000-ஐத் தாளக் கருவி காட்டும் வேகத்தால் வகுத்து, ஒரு சுற்றிலுள்ள தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு, வேகம் 60 என்றால் 8000 மில்லி விநாடி. 72 என்றால் 6667. 80 என்றால் 6000. ரூபக தாளத்தை ஆறு அட்சரமாக எண்ணினால், 60 வேகத்தில் 6000. உங்கள் கருவி ரூபகத்தை மூன்று தட்டாக எண்ணினால் மூன்றால் பெருக்குங்கள். கருவி எதை ஒரு தட்டு என்று கொள்கிறதோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மாறும்போது ஒரு தட்டுக்குள் விழும் அடிகள்தான் பெருகுகின்றன, ஆவர்த்தனத்தின் நீளம் மாறுவதில்லை. ஆகவே காலம் மாறும்போது தாமதத்தை மாற்ற வேண்டாம், வேகத்தை மாற்றினால் மட்டும் மாற்றுங்கள். பல அடவுகள் சேர்ந்த கோர்வைபோல நீண்ட ஒன்றைப் பார்க்க விரும்பினால் இரண்டு ஆவர்த்தனம் வைக்கலாம். 60 வேகத்தில் அது 16,000, வரம்புக்குள் அடங்கிவிடும்.

கருவியின் சொந்தத் தாமதத்தைக் கழித்தல்

ஃபில்டரில் 8000 என்று கொடுத்தாலும் திரையில் தெரிவது சரியாக எட்டு விநாடி கழித்து அல்ல. கேமரா படத்தைப் பிடித்து அனுப்புவதற்கும், கணினி அதை விரிப்பதற்கும், தொலைக்காட்சி அதைக் காட்டுவதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. தாளத்தோடு ஒப்பிடும்போது அந்தக் கொஞ்ச நேரமே காலடி பிந்தியதுபோலக் காட்டி, சரியாக ஆடிய பிள்ளையைக் குழப்பிவிடும்.

இதை அளக்க இரண்டு செல்பேசிகள் வேண்டும். ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை அழுத்தி அதைத் தற்காலிகமாக அணைத்துவிடுங்கள். ஒரு செல்பேசியில் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவின் முன் பிடியுங்கள். இன்னொரு செல்பேசியால், கையிலுள்ள ஸ்டாப்வாட்சும் தொலைக்காட்சியில் தெரியும் ஸ்டாப்வாட்சும் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் சொந்தத் தாமதம். கடைசி இலக்கம் மங்கலாக விழும் என்பதால் ஐந்து படம் எடுத்துச் சராசரி பாருங்கள். எங்கள் வீட்டில் அது 0.18 விநாடியாக இருந்தது. எனவே 8000 வேண்டிய இடத்தில் 7820 என்று கொடுத்திருக்கிறேன். தொலைக்காட்சியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிட்டுப் பிறகு அளங்கள். பல தொலைக்காட்சிகளில் அது படத்தை மெருகேற்றும் வேலைகளைத் தவிர்த்துத் தாமதத்தைக் குறைக்கும்.

தாமதம் நகர்ந்துபோனால்

சில நாட்களில், மாலை இருட்டத் தொடங்கும் நேரத்தில், காலடி தாளத்தை விட்டு மெல்ல மெல்லப் பின்னால் போவதைக் கவனித்தேன். அளந்தால் எட்டு விநாடி ஒன்பதாகியிருந்தது. காரணம் இதுதான். இந்த ஃபில்டர் பிரேம்களை ஒரு வரிசையில் நிறுத்திவைக்கிறது. கோயில் வரிசையைப்போல, தாமதத்துக்குரிய நீளம் நிறைந்த பிறகு, பின்னால் ஒன்று வந்து சேர்ந்தால்தான் முன்னாலிருந்து ஒன்று வெளியே விடப்படும். விநாடிக்கு 30 வீதம் எட்டு விநாடிக்கு 240 பிரேம் வரிசையில் நிற்கும். வெளிச்சம் குறைந்து கேமரா விநாடிக்கு 15 மட்டுமே அனுப்பத் தொடங்கினால், அதே 240 பிரேம் நகர்வதற்குப் பதினாறு விநாடி ஆகும். வெளிச்சத்தைத் தானாக ஈடுகட்டும் அமைப்பை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். அறையில் ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடுவது இதைவிட நல்ல மருந்து; கால்கள் மங்காமல் தெளிவாகவும் தெரியும். நகர்ந்துபோன தாமதத்தைச் சரிசெய்ய, ஃபில்டரை நீக்கிவிட்டு அதே எண்ணுடன் மறுபடி சேர்த்தால் வரிசை புதிதாகத் தொடங்கும்.

நினைவகக் கணக்கு

வரிசையில் நிற்கும் பிரேம்கள் சுருக்கப்படாத நிலையில் கணினியின் நினைவகத்தில் இருக்கும். ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று கொண்டால், 1280-க்கு 720 அளவில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 55 எம்பி, எட்டு விநாடிக்கு 440 எம்பி. அதையே 1920-க்கு 1080 என்று ஆக்கினால் எட்டு விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, பதினாறு விநாடிக்கு 2 ஜிபி. மொத்தமே 4 ஜிபி உள்ள பழைய மடிக்கணினி இதில் திணறிவிடும். படம் விட்டுவிட்டு ஓடினால் முதலில் தாமதத்தைக் குறைக்காதீர்கள், படத்தின் அளவைக் குறையுங்கள். 640-க்கு 480-இல் எட்டு விநாடிக்கு 150 எம்பிகூட ஆகாது, அரைமண்டியைப் பார்க்க அதுவே போதும்.

ஒலியும் இணையமும்

இந்த ஃபில்டர் படத்தை மட்டுமே தாமதப்படுத்தும், ஒலியைத் தொடாது. நம் பயிற்சிக்கு அதுவே வேண்டியது: தாளம் இப்போது ஒலிக்க வேண்டும், படம் முந்தைய சுற்றைக் காட்ட வேண்டும். மைக்கின் ஒலியை ஒலிபெருக்கியில் கேட்கும்படி வைக்காதீர்கள். வேறு ஏதாவது தேவைக்காகப் பேச்சும் படமும் சேர்ந்தே தாமதமாக வர வேண்டும் என்றால், 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' என்ற பகுதியில் 'சிங்க் ஆஃப்செட்' என்ற இடத்தில் அதே மில்லி விநாடி எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இணையவழி வகுப்பில் ஓபிஎஸ்ஸின் 'வர்ச்சுவல் கேமரா' வழியாக இந்தத் தாமதப் படத்தை ஆசிரியருக்கு அனுப்பிவிடாதீர்கள். அது ஒலியைக் கொண்டுபோகாது. பிள்ளையின் குரல் இப்போதும் உருவம் எட்டு விநாடி கழித்தும் போய்ச் சேர்ந்தால் ஆசிரியருக்குப் பாடம் நடத்தவே முடியாது. வகுப்பு நேரத்தில் ஓபிஎஸ்ஸை மூடிவிட்டுக் கேமராவை நேரடியாகப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் ஒரே கேமராவை இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் திறக்க முயன்றால் பெரும்பாலும் இரண்டாவதற்குப் படம் வராது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான்.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்களாக 'ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங்' பொத்தானை அழுத்தி ஒளிபரப்பைத் தொடங்காத வரை படம் கணினியை விட்டு வெளியே போவதில்லை; பதிவுப் பொத்தானை அழுத்தாத வரை வட்டிலும் எழுதப்படுவதில்லை. அமைத்து முடித்த பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக்கூட இதைப் பயன்படுத்தலாம். உலாவியில் இயங்கும் இதுபோன்ற தளங்களைவிட இதை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுவே: ஆடுவது குழந்தைகள், ஆடும் இடம் நம் வீட்டுக் கூடம்.

கடைசியாக, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஜெனரல்' பக்கத்துக்குப் போய், வெளியேறும்போது புரொஜெக்டர்களைச் சேமித்துவைக்கும் கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். மறுநாள் தொலைக்காட்சியைப் போட்டு ஓபிஎஸ்ஸைத் திறந்தால், கேமராவும் தாமதமும் முழுத்திரையும் நேற்று விட்ட இடத்திலேயே இருக்கும். ஒரு தாளில் 60-க்கு இத்தனை, 72-க்கு இத்தனை, 80-க்கு இத்தனை என்று உங்கள் சொந்தத் தாமதத்தைக் கழித்த எண்களை எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வேகத்தை மாற்றும்போது பிள்ளையே எண்ணையும் மாற்றிக்கொள்ளும்.